பிளாக் வெடித்த இன்ஜின்

எரியோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காடும் ஒரு கிணறும் இருந்தன. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. மேலே ஏற்றத்தான் வழியில்லை. கரண்ட் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தோம். வாடகை ஆயில் இன்ஜின்காரர் தன் காட்டுக்குப் பாய்ச்சி முடித்து, மனசிருந்தால் வருவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் சின்ன வெங்காயம் போட்டிருந்தேன். காய் திரளும் நேரம். இன்னும் நாலு தண்ணீர் கிடைத்தால் பிழைக்கும், இல்லையென்றால் போச்சு.

அப்போதுதான் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு விவசாயி தன் பழைய இன்ஜினை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவருக்குக் கரண்ட் வந்துவிட்டது. மனிதர் ஒளிவுமறைவு இல்லாதவர்.

"ஏனுங்க, ஓட்டிப் பாத்துக்கோங்க. ஆனா ரிப்பேரு இருக்குதுங்க. எண்ணெய் வெளுத்து வருது" என்று அவரே சொன்னார்.

ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அங்கே கிடந்த சிவப்பு சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளே செருகி முடிந்துகொண்டு மறுபடி சுற்றினேன். பிடித்துக்கொண்டது. செத்த நேரம் ஓடியதற்கே எனக்குப் பாதி வெங்காயம் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. மெக்கானிக்கோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மெக்கானிக் என்றால் எனக்கு ஒரே ஆள்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவன். என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். மறுநாளே கூட்டிப்போனேன். எண்ணெயில் விரலை விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினான். பால் கூடிப்போன டீ போல இருந்தது.

"பாத்தியா மாப்ள? தண்ணி எண்ணெயில கலக்குது. இன்ஜினோட ஒடம்பு, பிளாக்கே வெடிச்சிருக்கு. இத வாங்குனா இரும்புக் கடைக்குத்தான் போடணும். விட்டுட்டு வா."

அந்த விவசாயி ஏதோ சொல்ல வந்தார். நான் காது கொடுக்கவில்லை.

வீட்டில் என் மனைவி, "வேற ஒரு மெக்கானிக்க ஒருக்காக் காட்டிப் பாப்பமே" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ஞானத்தகப்பன் பார்த்து வேண்டாம் என்றதை இன்னொருவனிடம் கொண்டுபோய்க் காட்டுவதா? நாளைக்குக் கோயிலில் அவன் முகத்தில் எப்படி முழிப்பது? எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். கத்தினேன்.

வெங்காயம் கோலிக்குண்டு அளவிலேயே நின்று காய்ந்தது. அடுத்த மாதம் அவள் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். ஒரு வருடம் போகட்டும் என்றுதான் பேச்சு. வருடங்கள் ஓடின. பஞ்சுத் தூசியில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

வெங்காயம் காய்ந்து இரண்டு வருடம் கழித்து, அய்யலூர்ப் பக்கம் ஞானத்தகப்பனுடைய மாமனார் ஊரில் மாதா கோயில் திருவிழா. குடும்பத்தோடு அழைத்திருந்தான். ஆட்டுக்கறிச் சாப்பாடு. பந்தியில் தண்ணீர் தீர்ந்துபோனதால் கை கழுவ நான் மட்டும் தோட்டத்துப் பக்கம் போனேன். ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் கை கழுவி, இரண்டு கை அள்ளிக் குடித்தும்விட்டேன். நிமிர்ந்தபோது பக்கத்துக் கல்லில் கைப்பிடி கிடந்தது. அதில் சிவப்பு சைக்கிள் டியூப். கடைசிச் சுற்றை உள்ளே செருகி முடிந்திருந்தது. அது என் முடிச்சு. ஒட்டன்சத்திரத்தில் நான் விட்டுவிட்டு வந்த அதே இன்ஜின்.

அந்த வயிற்றெரிச்சலை எப்படிச் சொல்ல? எதிரே அவன் மாமனாரின் வெங்காயம் பச்சைப்பசேலென்று நின்றது. போய் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. திருவிழா வீடு, என் மகன் அவன் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நானும் போய்ப் பாயசம் குடித்தேன். கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நானே பலமுறை நினைத்திருக்கிறேன்.

பிறகு வழக்கம்போலப் பழகினோம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, அவள் இருமும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியும் எனக்குக் கரண்ட் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவனே வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்ற மினி லாரியில் பச்சைப் பெயின்ட் அடித்த இன்ஜின்.

"எங்க மாமனாருக்குக் கரண்ட் வந்துருச்சு மாப்ள. சின்ன வேலைதான் இருக்கு, நானே பாத்துத் தாரேன். வேற ஆளுக்குப் போறதுக்கு ஒனக்குக் குடுப்பமேன்னு கொண்டாந்தேன்."

கைப்பிடியில் டியூப் இல்லை. உரித்துப் போட்டிருந்தான். எண்ணெய்க் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தேன். கறுகறுவென்று நல்ல எண்ணெய்.

"இதுக்கு பிளாக் வெடிச்சிருந்துச்சேப்பா. எப்பச் சரி பண்ணுன?" என்றேன் சும்மா கேட்பது போல.

"வெடிப்பெல்லாம் இல்ல மாப்ள, அப்ப வெறும் ஹெட் பேக்கிங் தகடுதான் போயிருந்துச்சு. நான் அரை நாள்ல..."

தொழில்காரனின் பெருமை அவன் வாயை முந்திவிட்டது. அதோடு நிறுத்தினான். திண்டுக்கல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். காபி டம்ளர் கையில் இருந்தது. அதை அவனுக்குக் கொடுக்காமலே உள்ளே கொண்டுபோனாள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

நல்ல இன்ஜின்தான். எனக்குத் தேவையாகவும் இருந்தது. வாங்கவில்லை. லாரி வந்த வழியே திரும்பியது.

அடுத்த வருடம் ஆயர் வந்து எங்கள் கோயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் கொடுத்தார். ஞானத்தகப்பன் பின்னால் நின்று பையனின் தோளில் கை வைக்க வேண்டும். என் மகனுக்கு வேறு ஆளை நிறுத்தினேன். ஏன் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். மகனும் கேட்டான். அவன் மட்டும் கேட்கவில்லை.