அறிவு ஆறு, விவேகம் பதினைந்து

முந்திரிக்கொட்டை என்று பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டம், கல்யாணமாகிப் புகுந்த வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. சுருக்கி முந்திரி என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? யாராவது ஒரு ஜோக்கை ஆரம்பித்தால் முடிவை இவள் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆரம்பித்தவர் திறந்த வாயோடு நிற்பார்.

வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். முதலில் பார்வையைச் சோதிக்கும் அறையில்தான் இருந்தாள். நாற்காலியில் இருப்பவர் பலகையின் கடைசி வரியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அது வந்து..." என்று இழுத்தால் இவளுக்குப் பொறுக்காது. "ட தானே?" என்று எடுத்துக் கொடுப்பாள். "ஆமா, ட" என்று அவரும் தலையாட்டுவார். பரீட்சையில் பிட் கொடுத்தால் பாஸாவது ஆகலாம். கண் சோதனையில் கொடுத்தால் என்ன ஆகும்? பவர் போதாத கண்ணாடியோடு போனவர்கள் படி தடுக்கித் திரும்பி வந்தார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு அவளை லென்ஸ் தேய்க்கும் மேஜைக்கு மாற்றினார். லென்ஸ் வாய் திறக்காது, அதனால் குறுக்கே பேசவும் வழியில்லை. அங்கே அவள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். நிதானமான மனிதர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, மோவாயைத் தடவி, அப்புறம் மீதியைச் சொல்கிற ரகம். அந்த மீதியைச் சொல்ல அவருக்கு இந்த வீட்டில் வாய்ப்பு கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை மதியங்களில் நாத்தனார் வீட்டில் ஆட்டம். சீட்டும் இல்லை, தாயமும் இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதைக்குள் போகிற ஆட்டம். நாத்தனார் கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். பலம், அறிவு, விவேகம், வசீகரம் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எண்கள் உண்டு. மூன்று பகடை உருட்டினால் விழுகிற கூட்டுத்தொகைதான் எண். மூன்றுக்குக் குறையாது, பதினெட்டைத் தாண்டாது. மாடி வீட்டு வக்கீல் ஆட்டத்தில் திருடன். வேஷம் கட்ட ரொம்பச் சிரமப்படவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டுக்காரர் மந்திரவாதி, அறிவு பதினெட்டு. முந்திரிக்குப் பகடை செய்த வேலையைப் பாருங்கள்: கோடரி தூக்கும் வீராங்கனை, பலம் பதினேழு, விவேகம் பதினைந்து, அறிவு வெறும் ஆறு.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? ஆறுதானே என்று மழலை பேசினாள், முழித்தாள், கோடரியைத் தலைகீழாகப் பிடித்தாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் கதையில் ஒரு புதிர் வந்ததோ இல்லையோ, அதே மழலையில் சரியான விடை டாண் என்று வந்து விழும். பதினெட்டு அறிவு வைத்திருந்த மந்திரவாதி அப்போதுதான் மோவாயில் கை வைத்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது அவர் சொல்லிவிட்டார். "அடுத்த வாரத்தோட நான் நிறுத்திக்கறேன்."

"ஏங்க?"

"வீட்லதான்..."

"வீட்லதான் பேச விடமாட்டேங்கற, அங்கயுமானு கேக்கறீங்க, அதானே?"

"பாத்தியா" என்றார் அவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் என்று இருந்தது அந்த ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் அவர் ஏணியோடு போவார், இவள் லென்ஸோடு கிடப்பாள். அவர் விலகிவிட்டால் சனிக்கிழமையும் மற்ற நாள் மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள். நாத்தனாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அண்ணி, அறிவு ஆறுன்னா கோமாளின்னு அர்த்தம் இல்ல" என்றாள் நாத்தனார். "புதிர், கணக்கு, எழுத்து, இதெல்லாம் அவளுக்கு வராது, அவ்வளவுதான். ஆனா விவேகம் பதினஞ்சு வச்சிருக்கீங்களே, அத என்னிக்காவது ஆடியிருக்கீங்களா? எதிர்ல இருக்கறவன் பயந்திருக்கானா, எதையாவது மறைக்கறானான்னு அவ ஒரே பார்வையில புரிஞ்சுக்கணும்."

முந்திரி குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். அதிசயம்தான்.

அடுத்த சனிக்கிழமை, கதையில் ஒரு கல் மண்டபம். மூன்று சிலைகள்: போர்வீரன், ஆந்தை, மீன். சுவரில் ஒரு வரி: கண் மூடாத காவலன் தலையில் கை வை. தப்பான தலையைத் தொட்டால் தொட்டவர் காலடியில் தரை பிளக்கும் என்று நாத்தனார் எச்சரித்தாள்.

கண்ணாடிக் கடைக்காரிக்கா தெரியாது? மீனுக்கு இமையே கிடையாது, அப்புறம் எங்கே மூடுவது? விடை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கோடரிக்காரிக்கு அந்த வரியைப் படிக்கவே தெரியாது. அவள் என்ன செய்வாள்? கூட வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பாள்.

பார்த்தாள். வீட்டுக்காரரின் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. விரல் மேஜைமேல் கோடு போட்டது, எந்தக் குழாயில் கேஸ் கசிகிறது என்று தேடும்போது போடுகிற அதே கோடு. மனிதர் திணறவில்லை, விடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அதைத் திணறல் என்று நினைத்து இவள் கைகொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் மழலை இல்லாத குரலில். "மந்திரவாதி யோசிக்கறாரு. அவரு சொல்ற சிலைய நான் தொடறேன்."

"வீரன் மனுஷன், தூங்கிடுவான்" என்று தொடங்கினார் அவர். "மீனுக்கு இமை இல்ல, அது சரி..." நிறுத்தினார். வக்கீல் வாயெடுத்தார், முந்திரி மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். "ஆனா அது தண்ணியில இல்லையே. வெறும் கல்லு மேல கிடக்கு. செத்த மீன் எப்படிக் காவல் காக்கும்? அதனால ஆந்தை."

முந்திரி அசந்துபோனாள். தப்புதான். ஆனால் செத்த மீன் என்று அவளுக்கு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. அவர் வாக்கியங்களின் பின்பாதியில் இப்படியெல்லாம் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"ஆந்தையத் தொடறேன்" என்றாள்.

தரை பிளந்தது. விளிம்பைப் பிடிக்க ஒரு பகடை கொடுத்தார்கள், இரண்டுதான் விழுந்தது, போதவில்லை. ஒரு வருஷமாக வளர்த்த வீராங்கனை போயே போய்விட்டாள். காகிதத்தில் இருந்த பெண்தான் என்றாலும் முந்திரி அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த தெருவில் இருவரும் நடந்து வந்தார்கள்.

"உன் ஆளக் கொன்னுட்டேன்" என்றார் அவர். "உனக்கு மீன்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவளுக்குத் தெரியாதே."

அவர் அதைக் கொஞ்ச தூரம் மென்றுகொண்டே வந்தார். பிறகு, "அடுத்த சனிக்கிழமை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

வர மாட்டேன் என்று முடியலாம். வேறு மாதிரியும் முடியலாம். முந்திரி வாயைத் திறக்கவில்லை. தெரு முனை வந்தது. சிக்னல் விழுந்து, வண்டிகள் போய், மறுபடி மாறியது. சாலையைக் கடந்தார்கள்.

"அடுத்த சனிக்கிழமை புது ஆளுக்குப் பகடை போடும்போது" என்றார் அவர், "அறிவு கொஞ்சம் கூடவே விழணும்னு வேண்டிக்கோ. நான் ஒருத்தனே எத்தன நாளைக்கு யோசிக்கறது?"