காட்டுப் பாலையில் கட்டிய சப்போட்டா

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்தேன். ஊரை ஒட்டிய காட்டில் பாலை மரங்கள் நிறைய. வெயில் காலத்தில் சின்னச் சின்னதாக மஞ்சள் பழம் பழுக்கும். தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் புதுவாயல் கூட்டுரோட்டில் ஒருவர் சப்போட்டாக் கன்று விற்றார். ஒரு கன்றில், ஒட்டுக் கட்டுக்குக் கீழே துளிர் விட்டிருந்தது. நுனி குழிந்த இலை. பார்த்ததுமே தெரிந்தது, அது பாலை. பாலையின் வேரில் சப்போட்டாவை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு சேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"மூணு மாசம் கட்டினபடியே இருக்கணும்மா."

நானே செய்வது என்று முடிவு செய்தேன். காட்டிலிருந்து பென்சில் பருமனில் ஒரு பாலைக் கன்றைத் தோண்டி வந்து தொட்டியில் வேர் பிடிக்க வைத்தேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

"காட்டு மரத்துக்கும் சப்போட்டாவுக்கும் கண்ணாலமா? சீர் இன்னா செய்யப் போற?"

சப்போட்டா மரம் அடுத்த தெரு அக்காவின் தோப்பில்தான் இருந்தது. அவர் வாசல்வரை மூன்று நாள் போய்த் திரும்பினேன். நாலாம் நாள், ஒரு கிளையில் ஒட்டுக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டேன். மரத்தடியில் முக்காலிமேல் தொட்டியை வைத்து, கன்றிலும், மரத்திலிருந்து வெட்டாமலே ஒரு கிளையிலும் பட்டையைச் சீவி, இரண்டையும் பொருத்திச் சணலால் இறுக்கினேன். தினமும் போய்த் தண்ணீர் ஊற்றினேன்.

"வாயத் தொறக்க மாட்ட, ஆனா தெனம் வந்துகினே கீற. என் மாட்டுக்குக்கூட நான் இப்படித் தண்ணி காட்டல" என்பார் அக்கா.

ஏழு வாரம் ஆனபோது அவரே சொன்னார்.

"தோப்ப கம்பெனிக்காரனுக்கு எழுதிக் குடுத்தாச்சும்மா. நாளைக்கு மரம் வெட்ட வராங்க. தொட்டியத் தூக்கினு போயிடு."

சணல் கட்டை லேசாகத் தளர்த்திப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். திரும்பவும் இறுக்கினேன். கட்டுக்குக் கீழே சப்போட்டாக் கிளையையும், கட்டுக்கு மேலே பாலையையும் அறுத்தேன். வாடாமல் இருக்கப் பாதி இலைகளைக் கிள்ளினேன். தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

"இன்னா, பொண்ணக் கூட்டினு வந்துட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"வந்துட்டா. ஒரு கொடம் தண்ணி கொண்டாங்க" என்றேன். சிரிக்காமல் போய்க் கொண்டுவந்தார்.

மறுநாள் காலையிலேயே தோப்பில் மரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். தொட்டியில் இரண்டு இலை உதிர்ந்திருந்தது, மற்றவை வாடவில்லை.