நான் வென்ற விவாதம்

நான் உடுத்த மகள் வாங்கிவந்த புதுச் சாரத்தில் கஞ்சி வாசனை அடித்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், காசிம் காக்காவின் மூட்டையிலும் அதே வாசனைதான்.

முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் சாரம் விற்க வருகிற அவர், மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் சாப்பிட்டபடியே, ஆசிரியரான அப்பாவோடு அரசியல் பேசுவார். யுத்தம் தொடங்கிய பிறகும் இருவரும் எதையும் மறைத்துப் பேசவில்லை.

“ஆமி அடிச்சாக் கத்துறீங்க மாஸ்டர். உங்கட இயக்கப் பொடியன்மார் எங்கட ஆக்களுக்கு அடிச்சா மட்டும் வாய்க்குள்ள கொழுக்கட்டையா?”

“கொழுக்கட்டை இல்ல காக்கா, பயம்.”

பள்ளிக்கூட விவாதத்தில் கைதட்டலுக்காக அந்தக் கேள்வியை, காக்காவின் பெயரோடு, அப்படியே சொன்னேன். இயக்கத்துக்குச் செய்தி கொண்டுபோகிறவர்கள் மண்டபத்தில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பரிசு எனக்குத்தான் கிடைத்தது.

மூன்றாம் நாள் வாவிக்கரைச் சேற்றில் சைக்கிளும் சாரங்களும் கிடந்தன. காக்கா கிடைக்கவேயில்லை.

“நாங்க கதைச்சத ஆருக்கும் சொன்னியா மகன்?”

“இல்லப்பா.”

“அப்ப நான்தான் எங்கயோ உளறிட்டன்.”

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். காக்காவின் உம்மா முன்னால் நின்று, தன் வாய்தான் அவரைக் கொன்றது என்று அழுதார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.