முந்திக்கொண்ட கீபோர்டு

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். மானம் போகிற விஷயம். யாராவது ஒரு தப்பு செய்தால் அதை ஒரு வாரம் வைத்து ஓட்டுகிறவன் நான். என் தப்பை நானே எழுதிக் கொடுத்தால் கள்ளிக்குப்பத்தில் எந்த முகத்தோடு தண்ணீர் கேன் போடுவது? ஆனாலும் வேறு எவனாவது கூட்டிக் குறைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பதாகையில் என் கூட்டாளி ஒருவன் கானா பாடுவான். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அவனுடைய அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம் அது. வருஷ நாளில் அப்பா படத்துக்கு முன்னால் போட, அவரைப் பற்றி ஒரு பாட்டு கட்டியிருந்தான்.

"மியூசிக் நீ போட்றியா மாமே?" என்றான்.

பத்தாவதைப் பாதியில் விட்ட வருஷம் சர்ச்சில் கொஞ்சம் கீபோர்டு தட்டியிருக்கிறேன். அதைப் பெரிய வித்வான் கணக்கில் அவனிடம் அளந்துவிட்டிருந்தேன். இப்போது பின்வாங்க முடியாது. கீபோர்டு வாங்க அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். பெரிய கீபோர்டுகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் சின்னதாக ஒன்று, பட்டனில் எல்லாம் கலர் லைட். தூக்கினால் கேன் எடையில் கால்வாசிகூட இல்லை. அதுதான் வேண்டும் என்றேன்.

"லேப்டாப் கீதா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டு கீது அண்ணாத்தே."

எங்கள் வீட்டில் இரண்டு இருப்பது சிலிண்டர் மட்டும்தான். அவர் ஏன் கேட்டார் என்று யோசிக்கவில்லை.

வீட்டில் தையல் மெஷின் மேல் வைத்து ஒயரைச் சொருகினேன். லைட் எரிந்தது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் சத்தம் மட்டும் வரவில்லை. எங்கம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தார்.

"இன்னாடா, ஊமைப் பொட்டிய வாங்கினு வந்துகிற?"

வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வகைக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ சொல்லும், அவ்வளவுதான். சத்தம் அங்கிருந்துதான் வரவேண்டும். ஒரு கனெக்டர் வாங்கி என் போனில் மாட்டினேன். இலவச ஆப் ஒன்றை இறக்கி, ப்ளூடூத் ஸ்பீக்கரை பிரிட்ஜ் மேல் வைத்தேன். சத்தம் வந்தது. ஆனால் அழுத்திய பிறகு, கண் இமைக்கும் நேரம் கழித்து வந்தது. இந்த வகை கீபோர்டே இப்படித்தான் போல என்று நினைத்து மூன்று வாரம் பழகினேன். விரல்கள் தானாகவே கொஞ்சம் முன்னால் அழுத்தக் கற்றுக்கொண்டன. அது எனக்கே தெரியாது.

கூட்டாளியின் அப்பா நாளுக்கு முந்தின மத்தியானம் அவன் ரெக்கார்டிங்குக்கு வந்தான். கையில் ஒயர் வைத்த ஸ்பீக்கர்.

"உன்னுது நடுவுல சார்ஜ் பூடும் மாமே."

அதை என் போனில் மாட்டினோம். அவன் போனில் ரெக்கார்டிங் போட்டோம். பாட ஆரம்பித்தான். இரண்டாவது வரியிலேயே நான் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்குடா ஓட்ற? போலீஸு தொரத்துதா?"

"நீதான் நொண்டினு வர. வேகமா பாடு."

ஆறு முறை எடுத்தோம். ஆறு முறையும் அப்படியே. அப்பா ஆட்டோ ஸ்டாண்டில் ஆள் நிரம்பக் காத்திருக்கும் வரியில் அவன் குரல் உடைந்தது. "அழுவாத, போன் நனைஞ்சிடும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கடைசியாக எடுத்ததையே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைச் சுருட்டினான்.

"எனுக்குதான் தாளம் நிக்கல போல. அப்பா பாட்டுன்னா அப்டிதான் ஆவுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு ப்ளூடூத்தைப் போட்டு, அவன் குரலை மனசில் வைத்து அதே பாட்டை வாசித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ப்ளூடூத்தில்தான் சத்தம் தாமதம், ஒயரில் உடனே வருகிறது. நான்தான் பழைய கணக்கில் முன்னால் அழுத்தியிருக்கிறேன். அவன் தாளத்தில் ஒரு குறையும் இல்லை. அப்போதே போன் செய்திருக்க வேண்டும். நாலு பேர் சிரிப்பார்களே என்று செய்யவில்லை.

மறுநாள் அங்கே படையல் நடக்கும் நேரத்தில் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் மெசேஜில் கொட்டினேன். தப்பு என்னுடையது, நீ ஒழுங்காகத்தான் பாடினாய், இன்னொரு தபா எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். வழக்கமான கிண்டல் எதுவும் சேர்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது:

"வுடு மாமே, எங்கம்மா மூணு தபா போடச் சொல்லி கேட்டுச்சு, உன் பொட்டி சத்தம் அதுக்குக் காதுலயே வுழல."