வெர்னா வீட்டுக் காய்க்காத செடி

வெர்னா பெல்கி ஊரில் யாரையும் கண்டு பொறாமைப்பட்டவள் இல்லை, அடுத்த வீட்டு ஒடீலின் வின்டர்பெரிச் செடியைத் தவிர. இரண்டுமே எட்டு மைல் தள்ளியிருக்கும் சதுப்பிலிருந்து ஒரே நாளில் இருவரும் தோண்டி வந்த கன்றுகள். நவம்பரில் இலை கொட்டியதும் ஒடீலுடையது கொம்பெல்லாம் சிவப்புக் காயாக நிற்கும். வெர்னாவுடையது வெறும் குச்சி. கிறிஸ்துமஸுக்கு தேவாலயக் கதவில் ஏழு வருஷமாக ஒடீலின் கிளைதான்.

"உன் செடிக்கும் உன்ன மாதிரியே வீம்பு, வெர்னா!" என்று சிரிப்பாள் ஒடீல். வெர்னாவுக்கு வயிறு எரியும். காப்பிச் சக்கை போட்டாள், பைன் சருகு போட்டாள், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். ம்ஹும்.

ஒரு ஜூன் மாதம், ஒடீல் வெளியே போன நேரம் பார்த்து அவள் செடியில் ஒரு பூவைக் கிள்ளிவந்து, தன் பூவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒடீலின் பூவின் நடுவே குண்டாக ஒரு பச்சை மணி. தன்னுடையதில் அது இல்லை, மஞ்சள் தூள்தான் விரலில் ஒட்டியது. ஆண் செடி! மகரந்தம் கொடுக்கும், காய்க்காது. அக்கம்பக்கத்தில் வேறு ஆண் செடியும் கிடையாது. அப்படியானால் ஒடீலின் செடி இத்தனை வருஷம் காய்த்துக் குலுங்கியது இதன் தயவில்தான்!

வேறொருத்தி என்றால் பெருமைப்பட்டிருப்பாள். வெர்னாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த ஜூனில் மொட்டு விரியுமுன் கத்தரியை எடுத்துத் தன் செடியின் மொட்டுகளை ஒன்று விடாமல் நறுக்கித் தள்ளினாள்.

அந்த நவம்பரில் ஒடீலின் செடியும் குச்சியாக நின்றது. தேவாலயக் கதவில் பிளாஸ்டிக் வளையம் தொங்கியது. ஒடீல் வெர்னாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"உன் செடிய அவ்ளோ கேலி பண்ணேன். மனசுல வெச்சுக்காத, வெர்னா. இப்ப ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. பனி விட்டதும் ரெண்டையும் வெட்டிடலாமா?"

"ஐயோ, வேணாம்! வர்ற வருஷம் காய்க்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வாய்வரை வந்தது. சொன்னால் ஏழு வருஷப் பெருமையும் தனக்குத்தான். ஆனால் இந்த வருஷம் ஏன் காய்க்கவில்லை என்று ஒடீல் கேட்பாளே!

"சும்மா, தோணுச்சு," என்று காப்பியை ஊற்றினாள்.

மறு வருஷம் வெர்னா கத்தரியைத் தொடவில்லை. டிசம்பரில் தேவாலயக் கதவு சிவந்திருந்தது. ஊரே ஒடீலின் கைராசியைப் புகழ்ந்தது. வெர்னாவும் புகழ்ந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.