ஒரே நாளின் இரண்டு மழை

தேனியில் நான் முதன்முதலாக வேலை பார்த்த அலுவலகம் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. ஆற்றுத் தண்ணீரைப் பற்றி ஆராய நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய சிறிய அமைப்பு. அதை முன்னின்று நடத்திய சார் ஓர் இன்ஜினியர். மலையில் எவ்வளவு பெய்தால் பள்ளத்தாக்கில் எவ்வளவு ஓடும் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து பழைய மழை நோட்டுகளைச் சாக்கில் கட்டி வாங்கி வந்திருந்தார். எஸ்டேட்டில் தினமும் காலையில் மழையை அளந்து இத்தனை இஞ்ச், இத்தனை சென்ட் என்று எழுதி வைப்பது வழக்கம். நூறு சென்ட் ஓர் இஞ்ச். என் அப்பா பிறப்பதற்கு முந்தைய ஆண்டு நோட்டுகள்கூட அதில் இருந்தன.

தேவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் எனக்குக் கம்ப்யூட்டர் டிப்ளமோ இருந்தது. அந்தத் தெம்பில் நோட்டுகளை ஏற்றுவதற்கு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். மூன்று கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்து, தகவல் எல்லாம் என் கம்ப்யூட்டரில் வந்து சேரும்படி செய்திருந்தேன். தேதியை அடித்து, மழையளவை அடித்து, என்டரைத் தட்ட வேண்டும். அந்த மாதத்தின் பட்டியல் திரையின் கீழ்ப்பாதியில் தெரியும். தப்பாக அடித்துவிட்டால் அதே தேதியை மறுபடி அடித்தால் போதும், பழைய எண்ணுக்குப் பதில் புதியது உட்கார்ந்துவிடும். இந்த வசதியை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது.

அடிப்பதற்கு இரண்டு பேர். போடியிலிருந்து வந்த அக்கா என் பக்கத்து மேஜையில். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி மூடிவிட்டு வந்த சின்னமனூர் அண்ணன் உள்ளறையில். நோட்டுகளின் அட்டைகள் பெரும்பாலும் கிழிந்திருந்ததால் நான் எதையும் பார்க்காமல், சாக்கில் இருந்த இரண்டு கட்டுகளில் ஒன்றை இவருக்கும் ஒன்றை அவருக்கும் கொடுத்தேன். ஆளுக்கொரு கட்டைப் பழைய வருஷத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் காலை, அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இங்கன வாயேன். நான் அடிச்சது மாறிப்போய்க் கெடக்கு.”

“தப்பா அடிச்சிருப்பீங்கக்கா.”

“ரெண்டு இஞ்ச் நாப்பது சென்ட்னு அடிச்சேன். இப்பப் பாரு, பதினஞ்சு சென்ட்னு நிக்குது.”

நான் நம்பவில்லை. அவரைத் திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜூலை ஏழு, இரண்டு புள்ளி நாற்பது. பட்டியலில் சரியாக வந்தது. அவர் அடுத்தடுத்த நாட்களை அடித்துக்கொண்டே போனார். எட்டாம் தேதிக்கு எதிரே ஒன்று புள்ளி தொண்ணூறு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது புள்ளி பூஜ்யம் ஐந்தாக மாறியது. அக்காவின் இரண்டு கைகளும் அப்போது மடியில் இருந்தன.

“ஆத்தா!” என்று அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

நான் எழுதிய புரோகிராம் நான் சொல்லாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. வைரஸ் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. கரன்ட் ஏறி இறங்குவதாலோ என்று யுபிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தேன். எண்கள் மாறிக்கொண்டுதான் இருந்தன. கடைசியில், மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் முதலில் பார்ப்போம் என்று அண்ணனின் கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினேன். கால் மணி நேரம் எதுவும் மாறவில்லை. திரும்பச் சொருகினேன். உள்ளறையில் அண்ணன் வேலையைத் தொடர்ந்ததும் இங்கே எண்கள் மறுபடி மாறத் தொடங்கின.

ஒவ்வொரு எண்ணையும் எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணிக்குச் சேமித்தது என்று தனியே குறித்து வைக்கும்படி புரோகிராமில் ஒரு துண்டைச் சேர்த்தேன். மதியத்துக்குள் விடை கிடைத்தது. ஒரே தேதி, ஒரே எஸ்டேட். முதலில் அக்காவின் கம்ப்யூட்டர், பின்னால் அண்ணனுடையது. அக்கா அடித்ததை அண்ணன் அழித்திருக்கிறார். அண்ணன் அடித்ததை அக்கா எத்தனை முறை அழித்தாரோ! அதுவரை இருவரும் வெவ்வேறு வருஷங்களில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்குத்தான் ஒரே மாதத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

இருவரையும் நோட்டோடு ஒரே மேஜைக்கு வரச் சொன்னேன்.

“நான் தப்பா அடிக்கலம்மா, நீயே பாரு” என்று அண்ணன் நோட்டை நீட்டினார். ஜூலை ஏழு, பதினைந்து சென்ட். மசி மங்கினாலும் எழுத்து சுத்தமாக இருந்தது. அக்காவின் நோட்டிலும் அதே வருஷம், அதே நாள். இரண்டு இஞ்ச் நாற்பது சென்ட். அதுவும் சுத்தமான எழுத்துதான்.

சாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒண்ணு பொய். எவனோ மழையில நனையச் சோம்பல்பட்டு ரூம்ல உக்காந்தே எழுதியிருக்கான். எந்தக் கட்டு பொய்யின்னு பார்த்துத் தூக்கி ஓரமா வச்சிருங்க.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எதைத் தூக்கி வைப்பது? இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பல வருஷங்களைப் பார்த்தேன். ஜூன், ஜூலையில் அக்காவின் நோட்டில் கொட்டித் தீர்த்த நாட்களில் அண்ணனின் நோட்டில் தூறல்தான். அக்டோபர், நவம்பரில் பல நாட்கள் அப்படியே தலைகீழ். சோம்பேறியின் பொய் வருஷா வருஷம் இப்படி ஒழுங்காக இருக்குமா? சாரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள் விடிந்ததும் சின்னமனூரில் பஸ் ஏறினேன்.

அந்தக் குண்டும் குழியுமான மலைப்பாதையில் உட்கார்ந்து போனேன் என்று சொல்ல முடியாது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். எஸ்டேட் ஆபீஸில் இருந்த கிளார்க் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“மழை அளக்குற கேஜ் ரெண்டு இருக்குல்ல. மேல் டிவிஷன்ல ஒண்ணு, கீழ் டிவிஷன்ல ஒண்ணு. சாக்குல கட்டும்போது எல்லாத்தையும் ஒண்ணா போட்டுட்டாக போல.”

அவ்வளவுதான் விஷயம். என் புரோகிராமுக்குத் தெரிந்ததெல்லாம் எஸ்டேட்டின் பெயரும் தேதியும். ஓர் எஸ்டேட்டுக்கு ஒரு நாளில் ஒரு மழைதான் இருக்க முடியும் என்று நான் முடிவு செய்திருந்தேன். இரண்டாவதாக வந்ததை அது திருத்தம் என்று எடுத்துக்கொண்டது.

ஆனாலும் ஒரே எஸ்டேட்டுக்குள் இவ்வளவு வித்தியாசமா என்று கேட்டேன். “நேர்லயே போய்ப் பாருங்க” என்று கிளார்க், மேல் டிவிஷனில் மழை அளக்கும் அம்மாவோடு என்னை அனுப்பி வைத்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. காலையில் முதல் காரியமாக மழையை அளப்பார். தேயிலைக்கு நடுவே ஏறிப்போன மண்பாதையில் விறுவிறுவென்று நடந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

முகட்டுக்கு வந்ததும் நின்றார். மேற்கே, மேல் டிவிஷன் பக்கம், மலையே தெரியவில்லை. வெள்ளையாக, சத்தத்தோடு, ஒரே மழை. காற்று அதை எங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. முகத்தில் சாரல் அடித்தது. நான் திரும்பிக் கிழக்கே பார்த்தேன். கீழ் டிவிஷனில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் கொடியில் சேலைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு கோழி தன் குஞ்சுகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

“அங்கன கொட்டும், இங்கன துணி காயும்” என்றார் அவர். “ஐப்பசில வந்து பாருங்க, மாறிப் போயிரும்.”

வலது கன்னம் நனைந்திருந்தது, இடது கன்னத்தில் வெயில். நான் பிறந்த தேவாரத்திலிருந்து இந்த மலைகளைத் தினமும் பார்த்திருக்கிறேன். மேலே மழை என்றால் மேலே மழை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் இரண்டு பேர், ஒருவர் நனைந்துகொண்டு, ஒருவர் காய்ந்த தரையில் நின்று, நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பிருந்தே தினமும் காலையில் கண்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். பெயர்கூடப் போடவில்லை. அதில் ஒருவரைத்தான் பொய்யர் என்று ஓரமாக வைக்க இருந்தோம்.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். “அப்ப முதல்ல இருந்து அடிக்கணுமா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எந்த எண் யாருடையது என்று பிரிக்க வழியே இல்லை. புரோகிராமில் எந்த கேஜ் என்று கேட்கும் ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். ஏற்கெனவே எண் இருக்கும் தேதியில் இன்னொன்றை அடித்தால், பழையதைக் காட்டி, மாற்றலாமா என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றும்படி செய்தேன். மூன்று மாத வேலை போனதற்கு அக்காவும் அண்ணனும் என்னைத் திட்டுவார்கள் என்று பயந்தேன். அக்கா முதல் நோட்டைத் திரும்பப் பிரித்துக்கொண்டே, “கண்ணு முன்னால மாறுச்சே தங்கச்சி, நான் பேயின்னுல்ல நெனச்சேன்” என்று சொல்லிச் சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து இன்னோர் எஸ்டேட்டிலிருந்து நோட்டுகள் தருவதாகத் தகவல் வந்தது. சாக்கு வந்து சேருவதற்கு முன்பே நான் போன் போட்டுக் கேட்டேன்.

“உங்க எஸ்டேட்ல மழை கேஜ் எத்தனை இருக்கு சார்?”

“நாலும்மா. அஞ்சாவது ஒண்ணு இருந்துச்சு, யானை மிதிச்சிருச்சு” என்றார் அந்தப் பக்கம் இருந்தவர்.