குளத்துக்குள் ஏறிய நைனா

என் அப்பாவை, எங்கள் நைனாவை, என் தாத்தா என்று நினைத்துக்கொண்டவர்கள் செஞ்சியில் நிறையப் பேர். அவர்கள் மேல் தப்பில்லை. நான் பிறக்கும்போதே நைனாவுக்குத் தலை வெளுத்துவிட்டது. என் பெரிய அக்காவின் மகன் என்னைவிட மூத்தவன். என்னை மாமா என்று கூப்பிட வேண்டியிருக்குமே என்பதற்காகவே அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டான். அப்படிப்பட்ட கடைக்குட்டி நான். நைனா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றால், "டேய், உங்க தாத்தா வந்துகினு இருக்காரு" என்று பையன்கள் உள்ளே ஓடிவந்து சொல்வார்கள்.

அதற்கெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"எங்க நைனா ராஜாக்கோட்டை மேல ஓடியே ஏறுவாரு. உங்க நைனா ஏறுவாரா?"

பையன்கள் விளையாடப் போய்விடுவார்கள்.

நைனாவுக்குக் கடைவீதியில் மளிகைக்கடை. பகலெல்லாம் தராசுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு சாமான் நிறுப்பார், தோள் துண்டை எடுத்து நெற்றியைத் துடைப்பார், அடுத்த சாமானை நிறுப்பார். வேர்க்கிறதோ இல்லையோ, துடைப்பது நிற்காது. மஞ்சள்தூள் அள்ளிய கையாலேயே துண்டைத் தொட்டுத் தொட்டு அது மஞ்சளாகவே ஆகிப்போனது. அம்மாவும் சவுக்காரம் போட்டுக் கல்லில் அடித்துப் பார்த்தாள். துண்டு கிழிந்ததே தவிர மஞ்சள் போகவில்லை.

மார்கழி பிறந்துவிட்டால் அந்த நைனா வேறு ஆளாகிவிடுவார். விடியும் முன்னே எழுந்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, திருவண்ணாமலை ரோட்டில் ராணிக்கோட்டை வரைக்கும் ஓடிவிட்டு வந்துதான் கடை திறப்பார். முதல் பஸ்ஸின் டிரைவர் அவரைப் பார்த்ததும் ஆரன் அடிப்பார். ஊரார் சிரிப்பார்கள். அம்மா அவர் முழங்காலில் எண்ணெய் தேய்த்தபடியே திட்டுவாள்.

"இந்த முட்டி போச்சின்னா கடையை யாரு பாக்கறது?"

"கடையில உக்காரத்தான் முட்டி வேணாமே."

அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள்.

இவ்வளவும் காணும் பொங்கலன்று காலையில் நடக்கும் ஓட்டத்துக்காக. கோட்டை வாசல் மைதானத்தில் புறப்பட்டு, ராஜாக்கோட்டை மலையுச்சி வரைக்கும் படியேறி, திரும்பி வந்து மைதானத்தில் கட்டியிருக்கும் கயிற்றைத் தொட வேண்டும். உச்சிக்குப் போனதற்கு அத்தாட்சி ஒரு பொட்டு. மேலே பழைய மண்டபத்தில் ஒரு பண்டாரம் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் தலையைக் குனிந்தால் கட்டைவிரலால் நெற்றியில் வைத்துவிடுவார். பொட்டோடு வந்தால் முழு ஓட்டம், ஒரு முழுக் கரும்பு. பொட்டு இல்லையென்றால் மலைக்கே போகவில்லை என்று அர்த்தம்.

நைனா வருஷா வருஷம் ஓடுவார். வருஷா வருஷம் கடைசியாக வருவார். அவர் வந்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். ஊரே எங்கள் நைனாவுக்காகக் காத்திருக்கிறது, அவர் வந்தால்தான் ஓட்டம் முடியும் என்பதில் எனக்குப் பெருமை தாங்காது. முதலாவதாக வந்தவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லையே!

நான் சொல்ல வந்த வருஷம், அன்று காலையில் அப்படியொரு பனி. மலையின் அடிவாரத்துப் பாறைகள் மட்டும் இருந்தன. அதற்கு மேலே மலை இல்லை. ஓடுகிறவர்கள் படியில் கொஞ்ச தூரம் ஏறினார்கள், பிறகு ஒவ்வொருவராக வெள்ளைக்குள் போய்விட்டார்கள். கடைசியாக நைனாவின் மஞ்சள் துண்டு போயிற்று. காற்று என்ற பேச்சே இல்லை. மைதானத்தில் கட்டியிருந்த காகிதத் தோரணம் அசையாமல் தொங்கியது. தூரத்து வயலில் வெல்லம் காய்ச்சும் புகை, குச்சியை நட்டு வைத்த மாதிரி நேராக நின்றது. எங்கோ மேலே, வானத்துக்குள், யாரோ இருமினார்கள். எனக்கு நைனா வானத்தில் ஓடிக்கொண்டிருப்பதாகவே தோன்றியது.

கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று நெற்றியைப் பார்த்துக் கரும்பு கொடுப்பவர் என் மாமா. அம்மாவின் தம்பி. தன் அக்கா புருஷன் ஓடுகிற பந்தயம் என்பதால், யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகவே விறைப்பாக நிற்பார்.

ஒவ்வொருவராகப் பனியிலிருந்து இறங்கி வந்தார்கள். மாமா நெற்றியைப் பார்த்தார், கரும்பைக் கொடுத்தார். இன்னும் பக்கத்து ஊரான வல்லத்துப் பையன்கள் இரண்டு பேர் வரவேண்டும், அப்புறம் நைனா. ஆனால் பனியிலிருந்து வந்தது மஞ்சள் துண்டு!

நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. நைனா கயிற்றைத் தொட்டுவிட்டு, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் வல்லத்துப் பையன்கள் வந்தார்கள். இளந்தாரிகள். கிழவருக்குப் பின்னால் வந்த வெட்கத்தில் அவர்கள் முகம் சிவந்திருந்தது. அதில் ஒருவன்தான் நைனாவை உற்றுப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, இவரு நெத்தியில பொட்டக் காணோமே!"

மாமா பார்த்தார். நானும் பார்த்தேன். நைனாவின் நெற்றி கழுவிய தட்டு மாதிரி இருந்தது.

"மச்சான், பொட்டு எங்க?"

நைனா நெற்றியைத் தடவினார். பிறகு மெதுவாகத் துண்டைப் பார்த்தார். "வச்சாரே மாப்ள. இறங்கி வரப்போ துடைச்சிட்டேன் போலிருக்குது."

"மேல அந்த மரப்பாலம் இருக்குதில்ல, அங்கியே திரும்பியிருப்பாரு. பனியில யாரு பாத்தா?" என்றான் அந்தப் பையன்.

நான் பாய்ந்து போய்த் துண்டைப் பிடித்து இழுத்தேன். "மாமா! இத பாரு, சந்தனம்! துண்டுல ஒட்டிகினு இருக்குது!"

அதுதான் நான் செய்த காரியம். மைதானமே சிரித்தது. "உங்க நைனா துண்டு என்னிக்குடா மஞ்சளா இல்லாம இருந்திச்சி?" என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கத்தினான். மறுபடியும் சிரிப்பு. மாமாவுக்குக்கூட உதடு துடித்தது. ஆனால் அவர் நைனாவுக்குக் கரும்பு கொடுக்கவில்லை.

இனி யார் கேட்டாலும் நான் என்ன சொல்வேன்? எனக்கு இருந்தது அந்த ஒரே பதில்தானே. அங்கே நிற்க முடியாமல், அழுதுகொண்டே மலையின் வடக்குப் பக்கத்துக்கு, செட்டிகுளத்துக்கு ஓடிவிட்டேன்.

நான் போன பிறகு நடந்ததை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். மாமா, "மேல ஆள அனுப்பிப் பண்டாரத்தக் கேட்டுட்டு வரச் சொல்றேன் மச்சான்" என்றாராம். நைனா, "ஆள் எதுக்கு? நானே போயிட்டு வரேன்" என்றாராம். எல்லோரும் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருக்கிறார்கள். நைனா அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "புள்ள எங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"அது செட்டிகுளத்துப் பக்கம் ஓடிச்சி. உங்களுக்கு ஓட்டந்தானே முக்கியம், போங்க!"

போய்விட்டார்.

இது எதுவும் தெரியாமல் நான் குளத்துப் படியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். மடியில் அம்மா கட்டிக்கொடுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, இருந்தது. அழுகையிலும் ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. தோலைத் தண்ணீரில் போடக்கூட மனசு வரவில்லை. குளம் அவ்வளவு நிச்சலனமாகக் கிடந்தது.

வெயில் ஏற ஏறப் பனி கரைந்தது. குளத்துக்குள் மலை வந்தது. முதலில் அடிவாரம், பிறகு பாறைகள், பிறகு மதில், எல்லாம் தலைகீழாக. கடைசியில் மலையுச்சி என் காலடியில் வந்து நின்றது. அதன் மேல் எறும்பு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்தது. பாறைக்குப் பின்னால் மறையும், மறுபடி தெரியும். நிற்கும், நகரும். யாரோ தண்ணீருக்குள், ஆழத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். கனவு காண்கிறேனோ என்று நினைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மல்லாட்டை தீர்ந்துவிட்டது.

அந்தப் புள்ளி மலையின் ஓரத்துக்கு வந்தது. அதிலிருந்து மஞ்சளாக ஒன்று புறப்பட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

நான் அண்ணாந்து பார்த்தேன். குளத்தில் இருந்த நைனா மலையிலும் இருந்தார்! துண்டை ஆட்டினார், நிறுத்தினார், மறுபடி ஆட்டினார். நான் படியில் ஏறி நின்று, சட்டையைக் கழற்றிச் சுழற்றினேன். அதற்குப் பிறகுதான் மஞ்சள் உள்ளே போயிற்று.

மைதானத்துக்கு நான் ஓடி வந்தபோது யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. நைனா இறங்கி வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. ஓடவில்லை, நடந்துதான் வந்தார். ஒரு காலை லேசாக இழுத்தார். துண்டைத் தோளில் போடாமல் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு காய்ந்து, விளிம்பு வெடித்து, அப்படியே இருந்தது.

"பண்டாரம் இன்னா சொன்னாரு மச்சான்?"

"'இப்பத்தான வந்துட்டுப் போன, கீழ வழி மறந்துட்டியா'ன்னாரு."

வல்லத்துப் பையன் இன்னும் விடவில்லை. "இது ரெண்டாவது வாட்டி வச்ச பொட்டு. மொத வாட்டி ஏறினதுக்கு இது எப்பிடி அத்தாட்சி ஆவும்?"

"டேய், ரெண்டாவது வாட்டி ஏறத் தெரிஞ்ச மனுசனுக்கு மொத வாட்டி ஏறத் தெரியாதா?" என்று மாமா கரும்பை எடுத்து நைனாவின் கையில் கொடுத்தார். இந்தத் தடவை மைதானம் சிரித்தது வேறு விதமாக இருந்தது. அந்தப் பையனும் சிரித்துவிட்டான்.

நான் சும்மா இருப்பேனா? "நான் பாத்தேன்! மேல நின்னு துண்ட ஆட்டினாரு. குளத்தாண்டருந்து நல்லாத் தெரிஞ்சிச்சி!"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தினி ஜனம் இந்தப் பக்கம் கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்துகினு நிக்குது. ஒருவாட்டி இப்பிடித் திரும்பி ஆட்டினா இன்னா மச்சான்? ஆளே இல்லாத குளத்துப் பக்கம் போயி ஆட்டினீங்களா?"

நைனா முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "மேல காத்து அப்பிடி மாப்ள. இந்தப் பக்கம் நிக்கவே முடியல. அந்தாண்ட தள்ளிடுச்சி."

"ஆமா மாமா, சரியான காத்து!" என்று நானும் சாட்சி சொன்னேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நைனா கரும்பை என் தோளில் வைத்தார். அது என்னைவிட உயரம். கடைவீதி முழுக்க அதை இழுத்துக்கொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம், மலைமேல் அடித்த அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். மலை முழுவதும் ஓர் அலைகூடப் படாமல் குளத்துக்குள் கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தவன்தான் நான்.